ஸ்கூல் அறிவிப்பு எதுவும் தவறாமல் இருக்க ஒரு மாதக் காலண்டர் போதும்: ஆரம்பத்திலிருந்து செய்முறை

போன வருடம் ஆகஸ்ட் 14, ராத்திரி மணி ஒன்பது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன். பெரியவள் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நாளைக்கு டான்ஸுக்குப் பச்சை துப்பட்டா வேணும், மிஸ் போன வாரமே சொன்னாங்க" என்கிறாள். ஈரக் கையோடு பர்ஸை எடுத்துக்கொண்டு எம்.சி. ரோட்டுக்கு ஓடினேன். பாதி ஷட்டர் இறக்கியிருந்த கடைக்குள் குனிந்து போய், கையில் கிடைத்ததை வாங்கி வந்தேன். காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் அது பாசி நிறம். மேடையில் ஏழு பிள்ளைகள் கிளிப்பச்சை, என் பெண் ஒருத்தி பாசி.

வந்து ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து தேடினேன். செய்தி 8ஆம் தேதியே வந்திருக்கிறது. அதற்குக் கீழே "ஓகே மிஸ்" என்று நானே போட்டிருக்கிறேன்!

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் காலண்டர் வேலை. எங்கள் வீடு சென்னை தண்டையார்பேட்டையில். பெரியவள் ஏழாவது, சின்னவன் ஆறாவது, வேறு வேறு ஸ்கூல். அவர்கள் அப்பா ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார், எந்த நேரம் வருவார் போவார் என்று அவருக்கே தெரியாது. ஐந்தாவது வரைக்கும் மிஸ்ஸே கையைப் பிடித்து எல்லாம் எழுதிக் கொடுப்பார்கள். ஆறாவது வந்ததும் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஆளுக்கு ஒரு அறிவிப்பு, "பிள்ளைங்க பெருசாயிட்டாங்க, அவங்களே வந்து சொல்லுவாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். சொல்வார்கள்தான், ராத்திரி ஒன்பது மணிக்கு.

நாம் தவறுவது ஒரே இடத்தில்தான். விழா எந்தத் தேதி என்பது நமக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டிய வேலைக்கும் ஒரு தேதி உண்டு, அதை எங்கேயும் எழுதுவதில்லை. கீழே இருப்பது முழுக்க அந்த இரண்டாவது தேதியைப் பிடிக்கிற வழி.

1. காலண்டர் எது?

தினம் தாள் கிழிக்கிற காலண்டர் இதற்கு உதவாது. ராகு காலம், எமகண்டம் பார்க்க அது இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு கட்டம் என்று பால் கணக்கு எழுதுவோமே, அந்த வகை வேண்டும். மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ ஜனவரியில் சும்மாவே கொடுப்பார்கள். சிவப்பு, நீலம் இரண்டு பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனா வேண்டாம், எங்கள் வீட்டுச் சுவர் மழைக்காலத்தில் ஓதம் ஏறி எழுத்தெல்லாம் ஊறிப்போனது. துணி கிளிப் ஒன்று, சர்க்குலர் தாள்களை மாட்டிவைக்க. சமையலறைக்குப் போகிற வழியில் ஆணி அடித்து மாட்டுங்கள். ஹாலில் மாட்டினால் விருந்தாளிதான் பார்ப்பார்.

2. வருடா வருடம் வருவதை முதலில் எழுதிவிடுங்கள்

யாரும் அறிவிக்காமலே நமக்குத் தெரிந்த நாட்கள் நிறைய இருக்கின்றன. ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள் என்று பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி நடக்கும். ஆகஸ்ட் 15 சொல்லவே வேண்டாம். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம், ஜனவரி 26. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில், முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரல் வாக்கில். தேர்வுக்குச் சரியான தேதி பின்னால்தான் வரும், இப்போதைக்கு அந்த மாதத் தாளின் மேல் ஓரத்தில் "காலாண்டு" என்று எழுதினால் போதும்.

அரசுப் பள்ளி என்றால் கலைத் திருவிழாவையும் சேருங்கள். 2022இல் ஆரம்பித்தது. பள்ளி அளவில் ஜெயித்தால் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நாள் அவகாசத்தில் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், டிரஸ், மேக்கப், கூட யார் போவது எல்லாம் அதற்குள் பார்க்க வேண்டும்.

காசிமேடு பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் எழுத வேண்டும். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். ஸ்கூல் திறப்பது ஜூன் மாத ஆரம்பத்தில், போட் கடலுக்குப் போவது அதற்கு அப்புறம். யூனிஃபார்ம், ஷூ, பை, நோட்டுச் செலவு எல்லாம் வருமானம் இல்லாத வாரத்தில் வந்து நிற்கும். என் நாத்தனார் வீட்டில் அதனால் மார்ச் தாளிலேயே சிவப்பில் "ஸ்கூல் செலவு தனியா எடுத்து வை" என்று எழுதிவைக்கிறார்கள். நல்ல பழக்கம், போட்டுக்குப் போகாத வீடுகளும் செய்யலாம்.

3. குரூப் செய்தியைப் பிரித்துப் படிப்பது

இதுதான் முக்கியமான வேலை, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சாதாரணமாக வருகிற ஒரு செய்தி இப்படி இருக்கும்:

"அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடைபெறும். பெற்றோர் தவறாமல் கலந்துகொள்ளவும். அன்று மாணவர்கள் வண்ண உடையில் வரலாம். சுற்றுலாவுக்கு விருப்பமுள்ளவர்கள் ஒப்புதல் கடிதத்தைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கவும். நன்றி."

இதற்குக் கீழே நாற்பது "ஓகே மிஸ்", பத்துக் கும்பிடு, நடுவில் யாரோ ஒருவர் தெரியாமல் அனுப்பிய குட்மார்னிங் ரோஜாப்பூ. நம் கண்ணில் பட்டது என்ன? வெள்ளிக்கிழமை கூட்டம். அவ்வளவுதான். புதன்கிழமை கடிதம் கடைசி வரியில் ஒளிந்துகொண்டிருக்கிறது, அந்த வேலைதான் முதலில் வருகிறது. ஸ்கூல் அறிவிப்புகளில் பணம், கையெழுத்து, கடைசித் தேதி இந்த மூன்றும் பெரும்பாலும் கடைசி வரியில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் நான் இப்போதெல்லாம் கீழேயிருந்து மேலே படிக்கிறேன்.

படித்ததும் ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள்: யார் போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும், எதற்காவது காசு உண்டா, யாராவது கையெழுத்துப் போட வேண்டுமா? மேலே உள்ள செய்தியிலிருந்து எனக்குக் கிடைத்தது: வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் போக வேண்டும், அதற்கு வேலையில் பர்மிஷன் கேட்க வேண்டும். கலர் டிரஸ் துவைத்துத் தேய்த்து வைக்க வேண்டும். கடிதத்தில் அப்பா கையெழுத்து வேண்டும், அவரோ திங்கள் ராத்திரி மட்டும்தான் வீட்டில். ஒரு அறிவிப்புக்குள் மூன்று வேலை, மூன்று வெவ்வேறு நாள்.

"வருகிற வெள்ளி" என்பதை மட்டும் நம்பாதீர்கள். வியாழக்கிழமை ராத்திரி அந்தச் செய்தி வந்தால் நாளைக்கா அடுத்த வாரமா? வெட்கப்படாமல் "எந்தத் தேதி மிஸ்?" என்று குரூப்பிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காமல் காத்திருக்கிற இன்னும் இருபது பேர் உங்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்வார்கள்.

அப்புறம் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தால் மேலே நட்சத்திரக் குறி வரும், அதைத் தட்டிவிடுங்கள். நாற்பது ஓகேக்கு நடுவில் மறுபடி தேட வேண்டாம். காலண்டரில் எழுதி முடித்ததும் நட்சத்திரத்தை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் இன்னும் எழுதாதது எது என்று தெரியும்.

குரூப்பில் வராதவையும் உண்டு. தினமும் டைரியைப் பாருங்கள், பையின் அடியையும் பாருங்கள். என் சின்னவன் சர்க்குலரை எட்டாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைப்பான். ஒரு தடவை சாம்பார் ஊறிய நிலையில் டிபன் பையிலிருந்து எடுத்தேன், "கட்டணம் ரூ." வரைக்கும் தெரிந்தது, எவ்வளவு என்பது சாம்பாரோடு போய்விட்டது.

4. பின்னோக்கி எழுதுங்கள்

நிகழ்ச்சி நடக்கிற நாள் நீலத்தில். நம் வேலை சிவப்பில். சிவப்பைப் பின்னோக்கி எண்ணி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் நீலத்தில் "கூட்டம் 10 மணி". திங்கள் கட்டத்தில் சிவப்பில் "அப்பா கையெழுத்து". செவ்வாய் சிவப்பில் "கடிதம் பைக்குள்". வியாழன் சிவப்பில் "டிரஸ் தேய்". புதன் கடைசி நாள் என்றால் செவ்வாயே பைக்குள் போய்விட வேண்டும், புதன் காலையில் தேடினால் கிடைக்காது.

சார்ட் பேப்பர், தெர்மோகோல் மாதிரி கடைச் சாமான் என்றால் இரண்டு நாள் முன்னால். ஆடை, வேஷம் என்றால் ஒரு வாரம். சர்டிபிகேட் என்றால் ஒரு மாதம், அதற்குக் குறைந்து எழுதாதீர்கள்.

சர்டிபிகேட் என்று சொன்னதும் எட்டாவது படிக்கிற பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு விஷயம். என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு எட்டாவதில் எழுதுவது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு, மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடக்கம். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் மாதம் 1,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. மனத்திறன் ஒரு தாள், பாடம் ஒரு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. ஸ்கூல் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏழாவதில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. அதனால் "ஏழாவதுதானே, பாஸ் போட்டுவிடுவார்கள்" என்று அசட்டையாக இருக்காதீர்கள், நான் இப்போது என் பெண்ணிடம் தினமும் இதைத்தான் சொல்கிறேன்.

இந்த அறிவிப்பு குரூப்பில் வரும்போது பெரும்பாலும் பத்து நாள்கூட இருக்காது. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் போட்டாலும், விசாரித்துக் கையெழுத்தாகி வர நாளாகும். அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஜூலைத் தாளிலேயே சிவப்பில் "வருமானச் சான்று" என்று எழுதிவிடுங்கள்.

5. போனில் ஒரு மணி அடிக்கட்டும்

சுவரில் இருப்பது வெளியே போனவருக்குத் தெரியாது. சிவப்பில் எழுதியதை மட்டும் போன் காலண்டரிலும் போடுங்கள், நீலம் வேண்டாம். கூகுள் காலண்டரில் கூட்டல் குறியைத் தட்டி, தலைப்பில் வேலையையே எழுதுங்கள்: "சார்ட் பேப்பர் 2 வாங்கு". "சயின்ஸ் ப்ராஜெக்ட்" என்று எழுதினால் மணி அடிக்கும்போது எதற்கு அடிக்கிறது என்று புரியாது. நினைவூட்டலைத் தானாகவே அரை மணி நேரம் முன் என்று வைத்திருக்கும், அதை மாற்றுங்கள். எனக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி சரியாக இருக்கிறது, கடை திறந்திருக்கும், நானும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் வந்திருப்பேன். ஆட்களைச் சேர்க்கிற இடத்தில் கணவரின் ஜிமெயிலைப் போட்டால் அவர் போனிலும் வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் திங்கள் ராத்திரி கையெழுத்து கிடைக்கிறது.

6. ஞாயிறு ராத்திரி பத்து நிமிடம்

சாப்பிட்டதும் பிள்ளைகளைக் காலண்டர் முன்னால் நிறுத்தி அந்த வாரத்தை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். படிக்கும்போதுதான் "ஆமாம்மா, புதன்கிழமை யோகா போட்டிகூட இருக்கு" என்று வெளியே வரும். நாமே படித்துக் காட்டினால் தலையாட்டிவிட்டு டிவிக்குப் போய்விடுவார்கள்.

கூட்டத்துக்குப் போகிற வாரம் என்றால் கேட்க வேண்டிய இரண்டு கேள்வியை அந்தக் கட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஆனால் போய் உட்கார்ந்து டீ குடித்துக் கையெழுத்துப் போட்டு வருவதே நடக்கிறது. கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்ற கேள்வியாவது எழுதிக்கொண்டு போங்கள்.

7. மழை நாள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் காலண்டரை அப்படியே நம்ப முடியாது. லீவு அறிவிப்பது மாவட்டக் கலெக்டர், பல சமயம் விடியற்காலையில்தான் வரும். முந்தின நாளே "நாளை விடுமுறை" என்று சுற்றுகிற ஃபார்வர்டில் பாதி போன வருடத்துப் படம். தேதியைப் பாருங்கள், மாவட்டத்தின் பெயரையும் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர், மாதவரம் எல்லாம் 2018இலிருந்து சென்னை மாவட்டம். மீஞ்சூர், அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம். எண்ணூரில் வீடு, அத்திப்பட்டில் ஸ்கூல் என்றால் திருவள்ளூர் அறிவிப்புதான் உங்களுக்கு.

தேர்வு தள்ளிப்போனால் பழைய கட்டத்தில் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் புது நாளை அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அப்போது எங்களிடம் காலண்டர் கிடையாது, குரூப்பில் மூன்று டைம்டேபிள் மாறி மாறி வந்தது. கணக்குத் தேர்வு அன்றைக்கு என் பெண் தமிழ் படித்துவிட்டுப் போனாள்.