உட்கார்ந்து அளவெடுங்கள்: மலையிலிருந்து விமானம் ஏறப் போகும் பெண்களுக்கு

"அக்கா, ஃப்ளைட்ல போறேன், நல்லதா ஒரு செட் தைச்சுக் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களை முதலில் ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் அளவெடுப்பேன். கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகளைப் பார்க்க, பேறுகாலத்துக்குத் துணையிருக்க, வேலைக்கு என்று வெளியூர் கிளம்பும் பெண்கள் இங்கே நிறைய. எல்லாரும் நின்றபடிதான் கண்ணாடி பார்க்கிறார்கள். விமானத்திலோ உட்கார்ந்தே கிடக்க வேண்டும். நிற்கும்போது கச்சிதமாக இருக்கும் பேன்ட், உட்கார்ந்ததும் வயிற்றைக் கவ்வி, முட்டியில் இழுத்து, கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொள்ளும். உட்கார்ந்த இடுப்பின் சுற்றளவு நின்ற அளவைவிட ஓரிரு அங்குலம் கூடவே வரும். டேப்பைச் சுற்றிப் பாருங்கள், தெரியும்.

ரெடிமேட் வாங்குகிறவர்களும் ட்ரையல் ரூமில் இரண்டு காரியம் செய்து பாருங்கள். ஒன்று, உட்காருங்கள். இன்னொன்று, தலைக்கு மேலே பை வைக்கிற மாதிரி இரண்டு கைகளையும் தூக்குங்கள். கையோடு குர்த்தாவும் மேலே ஏறி இடுப்பு தெரிந்தால் அக்குள் வெட்டு சரியில்லை என்று அர்த்தம். அக்குளைக் கீழே இறக்கித் தைத்தால் தாராளமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இறங்கிய அக்குள் கையைத் தூக்கும்போது மொத்த உடையையும் சேர்த்தே தூக்கும். அக்குள் மேலே, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், கைப்பகுதி அகலமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் குர்த்தா என்றால் அக்குளில் ஒரு சின்ன டைமண்ட் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான்.

முதுகுப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். இப்போது பேக் நெக்கில் குஞ்சம் தொங்கவிடாமல் யாரும் துணி தைப்பதில்லை, நானும் வாரத்துக்குப் பத்து தொங்கவிடுகிறேன். ஆனால் நாலு மணி நேரம் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெலும்பில் மணி பதிந்துவிடும். பின்பக்க ஜிப், பட்டன் வரிசை, கண்ணாடி வேலை எல்லாமே அப்படித்தான். அழகு வேண்டுமென்றால் கழுத்தின் முன்பக்கத்திலும் கை நுனியிலும் வையுங்கள். உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மற்றவர்கள் பார்ப்பதும் அந்த இரண்டு இடங்களைத்தான்.

சரி, குளிருக்கு வருவோம். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. விடியற்காலை கோத்தகிரியிலோ ஊட்டியிலோ கிளம்பும்போது வாயில் புகை வருகிற குளிர். ஒன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம், கார் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் வெக்கை. கோவை பீளமேட்டில் விமான நிலையத்துக்குள் ஏசி. விமானத்துக்குள் இன்னொரு ஏசி. இறங்குவது ஷார்ஜா என்றால் மறுபடி கொதிக்கும் வெயில். சமவெளிப் பெண்களுக்கு எழுதும் குறிப்புகளில் இந்த முதல் இரண்டும் வருவதில்லை.

அதனால் என் கணக்கு இது: குளிருக்கான எதையும் அடியில் போடாதீர்கள். வீட்டில் குளிர்கிறதே என்று தெர்மல் பனியனையும் தெர்மல் பேன்ட்டையும் உள்ளே போட்டுக் கிளம்பினால், மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக் கொட்டும்போது கழற்ற வழியில்லை. அடியில் மெல்லியது, மேலே போகப் போகக் கனமானது. முதலில் திருப்பூர் பனியன் துணியிலோ மல்மல் காட்டனிலோ கையில்லாத டாப். அதன்மேல் முட்டி வரை குர்த்தா. அதன்மேல் முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் வேண்டாம். நடு சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்து அதைக் கழற்றும்போது பக்கத்துக்காரர் மூக்கில் முழங்கை இடிக்கும், வாரிய தலையும் கலையும். கடைசியாக ஒரு சால்வை.

சால்வைக்கு என் சிபாரிசு, நம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்தையல் போட்டது. கெட்டியான வெளிர் நிறப் பருத்தித் துணியில், இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கருப்புமாகப் போடும் தையல். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு பக்கமும் போர்த்தலாம், கம்பளி போலக் குத்தாது. பத்து வருஷம் பழைய குர்த்தாவின்மேல் போட்டாலும் ஆள் எடுப்பாகத் தெரிவார். முழுச் சால்வை விலை கூடுதல் என்றால் சின்ன ஸ்டோல் இருக்கிறது. மெஷினில் போட்ட நகல்களும் விற்கிறார்கள், அவற்றில் பூ வரிசை அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருக்கும்.

"நாம ஊட்டிக்காரங்க, நமக்கு என்ன குளிர்" என்று வெறும் குர்த்தாவோடு ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். விமானத்துக்குள் வழக்கமாக 22, 24 டிகிரிதான் இருக்கும். ஊட்டியில் மே மாதம் நண்பகலில் இருக்கிற அளவு. ஆனால் ஊட்டியில் நடந்துகொண்டிருப்போம். இங்கே அசையாமல் இருக்கிறோம், தலைக்கு மேலிருந்து காற்று ஒரே இடத்தில் விழுகிறது, ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. கழுத்தும் கணுக்காலும்தான் முதலில் சில்லிடும். அந்த இரண்டையும் மூடிவிட்டால் பாதிக் குளிர் போய்விடும்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் நம் மலைக் காற்றழுத்தம்தான். பறக்கும்போது உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். ஊட்டி சுமார் 7,350 அடி, குன்னூர் சுமார் 6,000 அடி. அதாவது மலையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடிக்கு இறங்கிவந்து, விமானத்தில் மறுபடி ஊட்டிக்கே ஏறுகிறோம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்ததும் உப்பிக்கொள்கிறதல்லவா, வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். எனவே இடுப்பில் இறுகப் பிடிக்கும் ஜீன்ஸ் வேண்டாம். அகலமான எலாஸ்டிக் பட்டி, அதற்குள் ஒரு நாடா. எலாஸ்டிக் மட்டும் போட்டால் ஃபோன் பாக்கெட்டில் இருக்கும்போது பேன்ட் கீழே இறங்கும். நாடா மட்டும் போட்டால் முடிச்சு சரியாக சீட் பெல்ட் பக்கிளுக்கு அடியில் வந்து அழுத்தும். முடிச்சைப் பக்கவாட்டில் வருகிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள்.

பேன்ட் கணுக்கால் வரை, கீழே குறுகலாக. பலாஸோவும் அனார்கலியும் பார்க்க அழகுதான். விமானக் கழிவறைக்குள் போனால் தெரியும் கஷ்டம்: திரும்ப இடமில்லை, தரை ஈரம், இரண்டு கையாலும் துணியை அள்ளிப் பிடித்தால் தாழ்ப்பாள் போடக் கை இல்லை. ஜம்ப்சூட் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

பாக்கெட் கட்டாயம் வேண்டும், அதுவும் ஜிப் வைத்து. சாதாரண சைடு பாக்கெட், உட்கார்ந்தால் வாய் கவிழ்ந்துவிடும். ஃபோன் நழுவி சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை முன்னும் பின்னும் ஆட்டித் தேடக் கூடாது. நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கலாம், பணிப்பெண்ணைக் கூப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். குர்த்தாவுக்கு உள்பக்கம், மார்புக்குக் கீழே, பாஸ்போர்ட் அளவில் ஒரு பாக்கெட்டும் வைத்துக் கொடுப்பேன். பிளாஸ்டிக் ஜிப்தான், உலோகம் இல்லை.

பாதுகாப்புச் சோதனையை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு: பெண்களைப் பெண் காவலர்தான், திரை போட்ட தடுப்புக்குள் சோதிப்பார். தாலிக்கொடி, மெட்டி, கொலுசு போட்டுக்கொண்டே போகலாம். கைக்கருவியால் ஒருமுறை பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஸ்வெட்டர், மேலே போடும் கோட், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். அதனால் ஸ்வெட்டருக்குள் இருப்பது தனியாகப் பார்த்தாலும் மரியாதையான உடையாக இருக்கட்டும். கம்பி வைத்த உள்ளாடை, உலோகக் கிளிப், கால் சட்டையில் பித்தளைப் பூ இதெல்லாம் இல்லாவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். தலையில் பெரிய கொண்டை போட்டால் சீட்டில் தலை சாய்க்க முடியாது. பின்னி முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. மெல்லிய காட்டன் அல்லது சில்க் காட்டன், ஜரிகை இல்லாதது. பாவாடைக்குப் பதில் பனியன் துணியில் உடம்போடு ஒட்டிய ஸ்கர்ட், அதில் நாடா முடிச்சு கிடையாது. கொசுவத்தை இரண்டு விரல் கடை உயர்த்திக் கட்டினால் கழிவறையில் நனையாது, எஸ்கலேட்டரிலும் மாட்டாது. முந்தானைக்கு ஒரு பின், கொசுவத்துக்கு ஒரு பின் போதும். ஹட்டிப் பாட்டிமார் (படகர் ஊர்ப் பாட்டிகள்) வெள்ளை முண்டோடுதான் போவேன் என்றால் அப்படியே போகட்டும். தோளும் கையும் மூடுகிற மாதிரி ஒரு முழுக்கை பனியன் துணி ஜாக்கெட்டும், காலுக்கு சாக்ஸும் மட்டும் சேர்த்துவிடுங்கள்.

துணி வகையில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பாலியஸ்டர், நைலான் சுருங்காது என்று எடுக்கிறார்கள். ஆனால் தீ பட்டால் அவை உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் கம்பளியும் அப்படி உருகாது. விமானத்துக்கு முழு நீளக் கால்சட்டையும் இயற்கை நூல் துணியும் நல்லது என்பதற்கு இதுதான் காரணம். சுருக்கம்தான் கவலை என்றால் பனியன் துணியோ சின்னச் சின்னப் பூப் போட்ட காட்டனோ எடுங்கள், கசங்கியது தெரியாது.

காலுக்கு வருவோம். நம் ஊரில் செருப்போடு போடும் கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் வீட்டுக்கு வீடு இருக்கும், மெட்டி போட்டவர்களுக்கு அது சுகம். ஆனால் விமானத்துக்குச் செருப்பைவிட மூடிய ஷூ நல்லது. உட்கார்ந்தே இருந்தால் பாதம் வீங்கும், ஆகவே லேஸ் வைத்து தளர்த்தக்கூடியதாகப் பாருங்கள். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். அவசரத்தில் சறுக்குப் பாதையில் இறங்கச் சொன்னால் குதிகால் அதைக் கிழித்துவிடும் என்று கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போகச் சொல்வார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் பறப்பவர்கள் முட்டிக்குக் கீழே வரும் அழுத்த சாக்ஸ் போடலாம். அழுத்த அளவு 15 முதல் 20 மி.மீ. மெர்க்குரி என்று பெட்டியில் போட்டிருக்கும். கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். தேயிலைத் தோட்டத்துக்குப் போடும் ஷூவையே போட்டுப் போவதானால் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக் கழுவுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மண் ஒட்டிய ஷூவை நிறுத்தி வைத்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நம் துணிகளில் வாசம் உண்டு. ஆடி மழையில் நாலு நாள் காயாத துணியின் பூஞ்சை வாசம், பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்த ஸ்வெட்டரின் வாசம், விறகுப் புகை, அப்புறம் தைலம். வீட்டில் நமக்குத் தெரியாது, மூடிய விமானத்தில் மூன்று வரிசைக்குத் தெரியும். ஸ்வெட்டரைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து வெளியே கொடியில் போடுங்கள். மழைக்காலம் என்றால் மின்விசிறிக்குக் கீழே, இஸ்திரி போட்ட பிறகும் ஒரு ராத்திரி விரித்து வையுங்கள். தைலத்தைக் கைக்குட்டையில் ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாடு போகிறவர்கள் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பாட்டில் வைக்கவும் கூடாது.

நிறம்: கீழே கருநீலம், அடர் பச்சை, காப்பிப் பழுப்பு இவற்றில் ஒன்று. மேலே அதோடு ஒத்துப்போகும் பூப் போட்டது. சுத்தக் கருப்பு வேண்டாம், ஸ்வெட்டர் நூல் பூராவும் அதில்தான் ஒட்டும். பேன்ட்டும் ஸ்வெட்டரும் ஒரே குடும்ப நிறமாக இருந்தால் இடையில் என்ன போட்டாலும் செட் போலத் தெரியும், இதைவிட மலிவான ஸ்டைல் எனக்குத் தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுகிறவர்கள் கைப்பையில் மேலாக ஒரு மாற்று டாப் வைத்திருங்கள். கனமான ஷூவையும் ஸ்வெட்டரையும் உடம்பிலேயே போட்டுப் போனால் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் கொடுக்கும் 7 கிலோ கைப்பைக் கணக்கில் அந்த எடை சேராது.

திரும்பி வரும்போது வெயிலில் இருந்து வருகிற மயக்கத்தில் ஸ்வெட்டரைப் பெரிய பெட்டிக்குள் திணித்துவிடாதீர்கள். பீளமேட்டில் வேண்டாம்தான். ராத்திரி விமானம் என்றால், கார் கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டிக் குளிரும்போது அது டிக்கியில், நாலு பெட்டிக்கு அடியில் இருக்கும்.