கனடா–அமெரிக்க எல்லையில் ட்ரக் ஓட்டும் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய சுங்கத் தவறுகள்

வின்ட்சரில் அம்பாசடர் பாலத்தடியிலோ ஃபோர்ட் ஈரியில் பீஸ் பாலத்தடியிலோ ஒரு ட்ரக் மணிக்கணக்காக ஓரங்கட்டி நின்றால், பெரும்பாலும் சரக்கில் கோளாறு இருக்காது. எண் ஒன்று பொருந்தாமல் போயிருக்கும். பயணங்களை ஒழுங்குசெய்யும் டிஸ்பாட்சர், மனிஃபெஸ்ட் எனப்படும் சரக்கு விவரப் பட்டியலில் போட்டது ஓர் எண்; இறக்குமதியாளரின் சுங்க முகவரான புரோக்கர், என்ட்ரி எனப்படும் விடுவிப்பு விண்ணப்பத்தில் போட்டது வேறோர் எண். சாரதியின் ஓட்ட நேரம் அங்கேயே கரையும், சரக்கு இறக்கக் குறித்த நேரம் தவறும், பிறகு அபராதக் கடிதமும் வரலாம். ஒன்றிரண்டு ட்ரக்குடன் தொடங்கி எல்லை ஓட்டத்தில் இறங்கும் நம்மவர் நிறுவனங்கள் ஒன்ராறியோவில் பல. முதல் லோட் ஏற்றுவதற்கு முன்பே அவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை.

இரண்டு நாட்டுக்கும் ஒரே கோட் என்று எண்ணுவது

அமெரிக்கப் பக்கத்துக்கு வேண்டியது ஸ்காக் கோட். இரண்டு முதல் நான்கு எழுத்துகள் கொண்ட இதை அரசாங்கம் வழங்குவதில்லை. என்எம்எஃப்டிஏ என்ற சரக்குப் போக்குவரத்துச் சங்கம் வழங்குகிறது. ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கனடாப் பக்கத்துக்கு வேண்டியது சிபிஎஸ்ஏ எனப்படும் எல்லைச் சேவைகள் முகமை தரும் நான்கு இடங்கள் கொண்ட கரியர் கோட் (கரியர் என்பது சரக்கை ஏற்றிச்செல்லும் நிறுவனம்). ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நாட்டுக்குள் நுழைய முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் யுஎஸ்டிஓடி இலக்கம் இவை இரண்டுக்கும் மாற்றாகாது. அது வீதிப் பாதுகாப்புக்கான பதிவு, சுங்கத்துக்கு அல்ல.

விண்ணப்பத்தில் நிகழும் தவறு பெரும்பாலும் பெயரில்தான். கூட்டுத்தாபனப் பதிவில் எண்ணுடன் முடியும் ஒரு பெயர், ட்ரக் கதவில் வேறொரு வியாபாரப் பெயர், காப்புறுதிப் பத்திரத்தில் இன்னொன்று என்றிருந்தால் எந்த நிறுவனத்துக்கு எந்தக் கோட் என்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடும். சட்டப் பெயரையும் வியாபாரப் பெயரையும் எல்லா இடத்திலும் ஒரே விதமாக எழுதுங்கள். முகவரி மாறினால் இரண்டு பக்கமும் அறிவியுங்கள். அபராத அறிவித்தல் பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்தாலும் மேன்முறையீட்டுக்கான நாட்கள் ஓடத் தொடங்கிவிடும்.

கோட் கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதென நினைப்பது அடுத்த தவறு. அமெரிக்காவுக்கு ஏஸ் என்ற கணினி முறையிலும், கனடாவுக்கு ஏசிஐ இ-மனிஃபெஸ்ட் முறையிலும் தரவு அனுப்ப வழி வேண்டும். சிபிஎஸ்ஏயின் இலவச இணைய வாசலைப் பயன்படுத்துவதானால், கரியர் கோட்டைத் தவிர ‘பகிர்ந்த இரகசியங்கள்’ எனப்படும் அடையாளத் தகவல்களையும் முகமையிடம் கேட்டுப் பெற வேண்டும். அது வரும்வரை வாசல் திறக்காது. லோட் ஒப்புக்கொண்ட பிறகு இதைத் தேடத் தொடங்கினால் காலம் போதாது. கட்டணச் சேவை ஒன்றின் வழியாக அனுப்பினாலும் தரவின் பொறுப்பு கரியருடையதே. சேவை நிறுவனத்தின் தவறு என்று சொல்வது அபராதத்தைத் தடுக்காது.

புதிதாகத் தொடங்குபவர்கள் தெரிந்தவரின் கோட்டில், தெரிந்தவரின் பார்கோட் ஸ்டிக்கரை ஒட்டி ஓட்டுவது உண்டு. இதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அந்தச் சரக்குக்குச் சுங்கத்தின் முன் பொறுப்பாளி கோட்டின் சொந்தக்காரர். சரக்கு உங்கள் கையில் இருக்கிறது. ஒரு பெட்டி குறைந்தாலும் கூடினாலும் இரண்டு பேரும் சிக்குவீர்கள்.

‘ஏற்கப்பட்டது’ என்பதை ‘விடுவிக்கப்பட்டது’ என்று வாசிப்பது

எல்லையில் நாம் காணும் தாமதங்களின் மூலம் இதுதான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு தனித் தரவுகள் சுங்கத்துக்குப் போகின்றன. கரியர் அனுப்புவது மனிஃபெஸ்ட்: எந்த ட்ரக், எந்த ட்ரெய்லர், எந்தச் சாரதி, என்ன சரக்கு, எத்தனை பொதி. இறக்குமதியாளரின் புரோக்கர் அனுப்புவது என்ட்ரி, அதாவது விடுவிப்பு விண்ணப்பம்: பொருளின் வகைப்பாடு, பெறுமதி, தீர்வை. இவற்றை இணைப்பது ஒரேயொரு எண். அமெரிக்காவுக்குப் போகும்போது அதன் பெயர் பாப்ஸ் எண், ஸ்காக் கோட்டில் தொடங்கும். கனடாவுக்கு வரும்போது பார்ஸ் எண், சிபிஎஸ்ஏ கரியர் கோட்டில் தொடங்கும். கனடாவில் அந்த பார்ஸ் எண்தான் மனிஃபெஸ்டில் சரக்குக் கட்டுப்பாட்டு எண்ணாகவும் நிற்கும்.

மனிஃபெஸ்டை அனுப்பியதும் ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வரும். அதன் பொருள், தரவு சரியான வடிவில் வந்து சேர்ந்தது என்பது மட்டும். புரோக்கர் தன் பங்கை அனுப்பினாரா, அதே எண்ணைப் போட்டாரா என்பதை அந்தப் பதில் சொல்லாது. டிஸ்பாட்சர் அதைப் பார்த்துவிட்டு “போகலாம்” என்று சாரதிக்குச் சொல்லிவிடுகிறார். சாரதி சுங்க அதிகாரியின் கூண்டருகே போய் நிற்கும்போது அதிகாரியின் திரையில் என்ட்ரி இல்லை.

நல்ல நடைமுறை இப்படி இருக்கும். சரக்கு ஏறியதும் சாரதி வாணிப இன்வொய்ஸையும் பில் ஒஃப் லேடிங் எனப்படும் சரக்கேற்றப் பத்திரத்தையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புகிறார். டிஸ்பாட்சர் பொதி எண்ணிக்கையையும் எடையையும் அதிலிருந்து எடுக்கிறார், முன்பதிவு மின்னஞ்சலிலிருந்து அல்ல. முன்பதிவில் 20 பலகைத் தட்டு, ஏறியது 22 என்பது அன்றாடம் நடப்பது. பிறகு பார்ஸ் அல்லது பாப்ஸ் எண், கடக்கும் துறை (எல்லைக் கடவை), எதிர்பார்க்கும் நேரம் மூன்றையும் குறித்துப் பத்திரங்களைப் புரோக்கருக்கு அனுப்புகிறார். மனிஃபெஸ்டை அனுப்புகிறார். கடைசியாக, அமெரிக்கப் பயணமானால் அந்தச் சரக்குக்கு என்ட்ரி எண் பதிவாகியிருக்கிறதா என்றும், கனடாப் பயணமானால் பார்ஸ் நிலை என்னவென்றும் பார்க்கிறார். மனிஃபெஸ்டுக்கும் புரோக்கரின் பங்குக்குமான இரண்டு பதில்களும் வந்த பிறகே சாரதி எல்லையை நெருங்கலாம். வராவிட்டால் எல்லைக்கு முந்தைய ட்ரக் நிறுத்தத்தில் காத்திருப்பதுதான் மலிவு.

தரவு போய்ச் சேர வேண்டிய நேரம் இரு நாட்டிலும் வருகைக்குக் குறைந்தது 1 மணி நேரம் முன்பு. அமெரிக்காவுக்குள் ஃபாஸ்ட் என்ற, முன்கூட்டியே சோதித்து ஏற்கப்பட்டவர்களுக்கான விரைவுத் திட்டத்தில் செல்லும் சரக்குக்கு மட்டும் 30 நிமிடம். மனிஃபெஸ்டைத் திருத்தும்போது இந்தக் கடிகாரத்தையும் மனதில் வையுங்கள். உணவுப் பொருளானால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏக்கு முன்னறிவித்தல் வேண்டும். அது வீதி வழிக்கு 2 மணி நேரம் முன்பு. மனிஃபெஸ்டின் 1 மணி நேரத்தையே மனதில் வைத்திருக்கும் டிஸ்பாட்சர் இங்கே வழுக்குவார்.

எண்ணை மறுபடி பயன்படுத்துவது வேறொரு கண்ணி. பழைய ஸ்டிக்கர் சுருள் ஒன்று அலுவலக மேசையில் கிடக்கும். எந்த எண் வரை போயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒருமுறை பயன்பட்ட எண்ணைக் குறைந்தது 3 ஆண்டுக்குத் திரும்பத் தொடாதீர்கள். எண்களைக் கணினியே வரிசையாக வழங்கட்டும்.

பாலத்தை மாற்றும்போது

பீஸ் பாலத்தில் நெரிசல் என்று குயின்ஸ்டன்–லூயிஸ்டனுக்குத் திருப்புவது சாதாரணம். அமெரிக்கப் பக்கத்தில் இரண்டும் பஃபலோ–நயாகரா என்ற ஒரே துறை, கோட் 0901. ஆகவே போகும்போது பெரும்பாலும் சிக்கல் வராது. அதே பழக்கத்தில் திரும்பும்போது பாலம் மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். கனடாவுக்கு ஃபோர்ட் ஈரி 410, குயின்ஸ்டன் 427, இரண்டும் வெவ்வேறு அலுவலகங்கள். வின்ட்சர் அம்பாசடர் பாலம் 453, சார்னியா புளூ வாட்டர் பாலம் 440. துறை மாறினால் மனிஃபெஸ்டையும் மாற்ற வேண்டும், புரோக்கருக்கும் சொல்ல வேண்டும். அவருடைய விண்ணப்பம் பழைய துறையில் கிடந்தால் உங்கள் திருத்தம் மட்டும் பயன்தராது. சாரதி தானாகத் தடம் மாற்றக்கூடாது என்பதை எழுத்தில் கொடுத்துவையுங்கள்.

கடைசி நிமிடத்தில் சாரதியோ ட்ரெய்லரோ மாறினாலும் இதே கவனம் வேண்டும். வாகன இலக்கத் தகட்டு எண், சாரதியின் பிறந்த திகதி, பயண ஆவண எண் ஆகியவை மனிஃபெஸ்டிலும் கூண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பொண்ட் இல்லாமல் உள்நாட்டுக்குக் கொண்டுபோவது

கனடாவில் சுங்கத்திடம் பொண்ட், அதாவது பிணை, வைத்த கரியர், விடுவிக்கப்படாத சரக்கை உள்நாட்டுச் சுங்கக் களஞ்சியம் வரை கொண்டுசெல்லலாம். பொண்ட் இல்லாதவருக்கு முதல் எல்லைத் துறையிலேயே விடுவிப்பு நடக்க வேண்டும். பார்ஸ் தயாராகவில்லை, “மிசிசாகாவில் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு பொண்ட் இல்லாத நிறுவனத்துக்கு இல்லை. விடுவிப்பு வராத சரக்கை வாடிக்கையாளரின் வாசலில் இறக்கிவிடுவது எல்லாவற்றிலும் மோசமானது. தீர்வைப் பொறுப்பே கரியர் மேல் வந்து விழக்கூடும்.

அமெரிக்காவில் இன்-பொண்ட் ஓட்டத்தில், அதாவது விடுவிக்கப்படாத சரக்கைப் பிணையின் கீழ் கொண்டுசெல்வதில், தவறு வேறு இடத்தில் நடக்கிறது. சரக்கு உரிய துறைக்குப் போய்ச் சேர 30 நாள் உண்டு. சேர்ந்த பிறகு 2 வேலை நாட்களுக்குள் வருகையை மின்னணு வழியில் அறிவிக்க வேண்டும். அங்கிருந்து ஏற்றுமதியானால் அதையும் 2 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். சரக்கு சரியாகப் போயிருக்கும், யாரும் கணினியில் மூடியிருக்கமாட்டார்கள். சில மாதம் கழித்து இழப்பீட்டுக் கோரிக்கை பொண்ட்காரருக்கு வரும். திறந்து கிடக்கும் இன்-பொண்ட் எண்களின் பட்டியலை வாரந்தோறும் ஒருவர் பார்க்கட்டும். இதற்கென்று ஒரு பெயர் குறித்த ஆள் இருப்பது அவசியம்.

இறக்குமதியாளரின் கணக்கைப் பாராதிருப்பது

2024 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் இறக்குமதித் தீர்வைகளைக் கணக்கிட்டு வசூலிக்கும் கார்ம் முறை நடைமுறையில் இருக்கிறது. முன்பு புரோக்கரின் பொண்டில் சரக்கு விடுவிக்கப்பட்டது. இப்போது இறக்குமதியாளர் தாமே பதிந்து, தம் பெயரில் பிணை வைத்திருந்தால்தான் பணம் கட்டுவதற்கு முன் விடுவிப்புக் கிடைக்கும். இடைக்காலச் சலுகை 2025 மே 20 உடன் முடிந்தது. சிறு வாடிக்கையாளர்களில் இதை அறியாதவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களது கவனக்குறைவில் நிற்பது உங்கள் ட்ரக். புதிய வாடிக்கையாளரை எடுக்கும்போதே கார்ம் பதிவும் பிணையும் உண்டா என்று கேளுங்கள், காத்திருப்புக் கட்டணத்தை விலைக்கூற்றில் எழுதுங்கள்.

அமெரிக்கப் பக்கத்தில் 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளை எளிதாக எல்லை தாண்டிக் கொண்டுபோக உதவிய செக்‌ஷன் 321 சலுகை 2025 ஓகஸ்ட் 29 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. பழைய மாதிரிப் பத்திரத்தை வைத்து அந்த வகையில் மனிஃபெஸ்ட் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

உங்கள் நிறுவனமும் ஓர் இறக்குமதியாளர்தான். ஓஹையோவில் வாங்கிய ட்ரெய்லர், மிச்சிகனில் போட்ட டயர், அங்கே செய்த திருத்தவேலை எல்லாம் திரும்பி வரும்போது பில்லுடன் அறிவிக்கப்பட வேண்டியவை. வழியில் பழுதாகி, வீடு வந்துசேர அவசரமாகச் செய்த திருத்தத்தைச் சுங்கம் வேறுவிதமாகப் பார்க்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘எம்ப்டி’ என்ற சொல்லும் சாரதியின் பழக்கங்களும்

ட்ரெய்லரில் வெறும் பலகைத் தட்டுகளும் இரும்பு ராக்குகளும் இருக்கையில் சாரதி “எம்ப்டி” என்பார். அது வெறுமையல்ல. திரும்பத் திரும்பப் பயன்படும் கொள்கலன்களுக்கு ஏஸில் ஐஐடி என்று தனி வகை உண்டு. அதில் காட்டுங்கள். கதவைத் திறந்து உள்ளே பார்க்காமல் எம்ப்டி என்று சொல்லக்கூடாது.

கனடியச் சாரதி அமெரிக்காவுக்குள் இரண்டு இடங்களுக்கிடையே உள்ளூர் லோட் ஓட்டக்கூடாது. பஃபலோவில் ஏற்றி டிட்ராயிட்டில் இறக்கினால் அது குடிவரவு மீறல், சாரதியின் நுழைவுரிமையே போகலாம். லோட் கொடுக்கும் இடைத்தரகருக்கு இது பற்றிய கவலை இல்லை. டிஸ்பாட்சருக்கு இருக்க வேண்டும்.

ஃபாஸ்ட் தடத்தில் போகச் சாரதியிடம் அட்டை இருந்தால் போதாது. கரியரும் இறக்குமதியாளரும் அமெரிக்கச் சுங்கத்தின் சரக்குப் பாதுகாப்புத் திட்டமான சி-டிபாட்டில் உறுப்பினராக இருக்க வேண்டும். பல வாடிக்கையாளர் சரக்கைக் கலந்து ஏற்றினால், தகுதியில்லாத ஒரு பொதி முழு ட்ரக்கையும் அந்தத் தடத்திலிருந்து வெளியேற்றும். அட்டை 5 ஆண்டுக்கு உரியது, முடியும் திகதியைப் பதிந்துவையுங்கள். ட்ரெய்லர் கதவுச் சீல், உயர் பாதுகாப்புச் சீல்களுக்கான ஐஎஸ்ஓ 17712 தரத்தில் இருக்க வேண்டும். ட்ரெய்லரின் 17 இடச் சோதனையைத் தாளில் மட்டும் குறியிட்டு முடிக்காதீர்கள். அடித்தளத்தைக் குனிந்து பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். போதைப்பொருள் ஒட்டியிருந்தால் சாரதியின் வாழ்க்கையே போய்விடும்.

அமெரிக்கச் சுங்கத்தின் ஆண்டுப் பயனர் கட்டணத்தைக் கட்டி, அதைக் காட்டும் ட்ரான்ஸ்பொண்டர் என்ற மின்னணு ஒட்டியைப் பெறுவது ஜனவரி தொடக்கத்தில் பலருக்கு மறந்துபோகும். ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் கட்டி வரிசையில் நிற்க நேரும்.

அபராதம் வந்தால்

கனடாவில் ஆம்ப்ஸ் எனப்படும் சுங்க அபராத முறையில் ஒரே தவறு திரும்பினால் தொகை படிப்படியாக ஏறும். சட்டத்தின் உச்சவரம்பு ஒரு மீறலுக்கு 25,000 டொலர். அமெரிக்காவில் வருகை அறிவித்தல், மனிஃபெஸ்ட் தொடர்பான மீறலுக்கு முதல் தடவை 5,000 டொலர், அடுத்தவற்றுக்கு 10,000 டொலர் வரை போகலாம். பயந்து உடனே கட்டிவிடுவதும், கடிதத்தை மேசையில் போட்டுவைப்பதும் ஒரே அளவு தவறு. கட்டினாலும் அது உங்கள் வரலாற்றில் ஒரு மீறலாகப் பதியும். கனடிய அபராதத்தை மறுபரிசீலிக்கக் கேட்க 90 நாள் உண்டு. அமெரிக்க அறிவித்தலுக்குக் குறைப்பு மனு கொடுக்கப் பொதுவாக 60 நாள். கடிதத்தில் அச்சிட்ட திகதியையே கணக்கில் எடுங்கள்.

மனு நிற்பது ஆதாரத்தில். மனிஃபெஸ்ட் அனுப்பிய நேரமும் வந்த பதிலும், புரோக்கருக்குப் போன மின்னஞ்சல், ஜிபிஎஸ் பதிவு, சாரதி எடுத்த படம் எல்லாவற்றையும் பயண எண்ணின் பெயரில் ஒரே கோப்பில் போட்டுவையுங்கள். பதிவுகளை வைத்திருக்க அமெரிக்க விதி 5 ஆண்டு, கனடிய இறக்குமதிப் பதிவுகளுக்கு 6 ஆண்டு. எல்லாவற்றையும் 6 ஆண்டு வைத்திருந்தால் எந்தத் தாளுக்கு எந்த விதி என்று தேட வேண்டியதில்லை. சேவை நிறுவனத்தை மாற்றும்போது பழைய தரவை இறக்கி எடுக்காமல் கணக்கை மூடிவிடாதீர்கள்.