தண்ணீர் திரும்பும் முன் தொட்டி வால்வை மூடுங்கள்

அவசரத் தண்ணீர்த் தடை என்றதும், வீட்டுத் தொட்டிக்கு ஏறும் குழாயின் வால்வை மூடிவிடுங்கள். வால்வு இறுகிப்போயிருந்தால், தொட்டிக்குள் இருக்கும் மிதவையைத் தூக்கிக் கயிற்றால் கட்டினாலும் போதும். தெருக்குழாய் உடைப்பைச் சரிசெய்து நீரைத் திறந்துவிடும்போது, குழாயின் அடியில் படிந்த துருவும் மண்ணும் பெயர்ந்து தேநீர் நிறத்தில் வரும். அது தொட்டியில் இறங்கினால் கழுவி முடிக்கப் பாதி நாள் போய்விடும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசை வீடுகளில் வாசல் குழாய் தொட்டிக்கு முன்பே பிரிகிறது. முதலில் அதைத் திறந்து ஓடவிடுங்கள். கலங்கல் நீர் வாழைக்கு ஆகும். வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள், வாளியில் நிறம் சரியாகத் தெரியாது. தெளிந்த பிறகு வால்வைத் திறக்கலாம்.

பொதுத்தொட்டி உள்ள அடுக்குமாடிகளுக்கு இது பொருந்தாது. வெகுநேரம் ஓடியும் தெளியாவிட்டால் பேராக் நீர் வாரியத்திடம் உடனே புகார் செய்யுங்கள்.