தரம் பிரித்த பழைய நோட்டை ஏலத்தில் எடுப்பது: உறையைத் திருப்பிப் பாருங்கள்

இணைய ஏலத்தில் நான் முதலில் எடுத்த பழைய பணநோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். விளக்குக்கு நேரே பிடித்தால் மேல் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு இடம் மட்டும் கருத்துத் தெரியும். கிழிசலுக்குப் பின்னால் யாரோ மெல்லிய தாளை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அது நோட்டு வந்த உறையிலேயே எழுதியிருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

தரம் பிரித்த நோட்டு என்றால், பி.எம்.ஜி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் சோதித்து, அதன் நிலைக்கு ஓர் எண் கொடுத்து, சீட்டோடு பிளாஸ்டிக் உறையில் மூடித் தந்த நோட்டு. ஏலத் தளத்தில் கணக்குத் தொடங்குவது, பணம் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. எந்த நோட்டு?

‘பழைய நோட்டு’ என்று தேடினால் கடலில் விழுந்த மாதிரி இருக்கும். பிக் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய உலகத் தாள்பண அட்டவணையின் எண் அது. எண்ணுக்குப் பின்னால் வரும் சிறிய எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரே படம், ஒரே மதிப்பு, ஆனால் கையெழுத்தோ ஆண்டோ வேறு என்றால் அந்த எழுத்துதான் மாறும். அதோடு விலையும் மாறும்.

2. தர எண்

தரம் 70 வரை போகும். 20 முதல் 35 வரை வெரி ஃபைன் (ஓரளவு புழங்கியது), 40, 45 எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் (லேசாகப் புழங்கியது), 50 முதல் 58 வரை அபவுட் அன்சர்குலேட்டட் (ஏறக்குறையப் புழங்காதது), 60ம் அதற்கு மேலும் புழங்காத நோட்டு. பி.எம்.ஜி. உறையில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஈ.பி.க்யூ.’ என்று இருந்தால், தாளைக் கழுவவில்லை, அழுத்தி நிமிர்த்தவில்லை, இயல்பாகவே இருக்கிறது என்று பொருள். பி.சி.ஜி.எஸ். இதையே ‘பி.பி.க்யூ.’ என்கிறது. பி.எம்.ஜி.யில் 65ம் அதற்கு மேலும் ஈ.பி.க்யூ. இல்லாமல் கிடைக்காது.

என்னைக் கேட்டால், புதிதாக வருபவர்கள் 64, 65க்கு ஆசைப்பட வேண்டாம். அழுத்தி நிமிர்த்திய 45ஐ விட, நாலு மடிப்போடு தாள் மொறுமொறுவென்று இருக்கும் 30 எனக்குப் பிடிக்கும். விலையும் கையைக் கடிக்காது.

3. பின்பக்கம் (நான் வழுக்கிய இடம்)

பி.எம்.ஜி. உறையின் முன் சீட்டில் நாடு, பிக் எண், தரம் எல்லாம் பெரிதாக இருக்கும். குறைகளைப் பின் சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: சிறு கிழிசல், ஊசித்துளை, துரு, கறை, ஆல்பத்தில் ஒட்டியிருந்த தடம், ஒட்டுவேலை. விற்பவர் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் பின்பக்கப் படம் கேளுங்கள். கொடுக்கவில்லையா, அந்த நோட்டை மறந்துவிடுங்கள். நான் கேட்காமல் விட்டேன். ‘தரம் பிரித்ததுதானே, அப்புறம் என்ன’ என்று நினைத்தேன்.

எல்லாக் குறிப்பும் கெட்டது என்று பயப்படவும் வேண்டாம். ‘ஸ்டேப்பிள் ஹோல்ஸ் அட் இஷ்யூ’ என்றிருந்தால், நோட்டுக் கட்டை வெளியிடும்போதே கம்பி குத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது நோட்டின் பிறவி மச்சம். ‘நெட்’ என்று தரத்தோடு சேர்ந்து வந்தால் மட்டும் உஷார். குறைக்காகத் தரத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

4. சான்று எண்

பி.எம்.ஜி. தளத்தில் உறையில் அச்சிட்டிருக்கும் சான்று எண்ணையும் தரத்தையும் போட்டால் பதிவு வரும், பல நோட்டுகளுக்குப் படமும் வரும். எண் சரியாக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். போலி உறை செய்பவர்கள் உண்மையான எண்ணைத்தான் திருடிப் போடுவார்கள். நோட்டின் வரிசை எண், ஓர வெண்மையின் அகலம், ஏதாவது கறை என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5. விலை

விற்பவர் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளில் அதே பிக் எண், அதே தரம் எவ்வளவுக்குப் போனது என்று மூன்று நான்கு விற்பனையாவது பாருங்கள்.

6. ஏலம் கேட்பது

ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் உண்டு. அது 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் உச்சவரம்பு 100 என்றால் நீங்கள் கேட்க வேண்டியது 83தான். அஞ்சல் செலவும் சுங்கமும் தனி. சதவீதம் இடத்துக்கு இடம் மாறும், விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சத்தொகையை ஒரே தடவை போட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். தளமே படிப்படியாக உங்களுக்காகக் கேட்கும். கடைசி நொடியில் பாயலாம் என்று காத்திருப்பது எனக்குப் பிடிக்காது. கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் சில தளங்கள் நேரத்தை நீட்டிவிடும், நாமும் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போவோம்.

பின்சேர்க்கை

பழைய ‘பி.சி.ஜி.எஸ். கரன்சி’ உறையின் எண்ணை பி.சி.ஜி.எஸ். தளத்தில் தேடினால் வரவில்லை, போலியா என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். போலியாக இருக்கவேண்டும் என்பதில்லை. அது பி.சி.ஜி.எஸ். பெயருக்கு உரிமம் பெற்று நடந்த வேறு நிறுவனம், 2019ல் அந்தப் பெயரில் தரம் பிரிப்பதை நிறுத்திவிட்டது. இப்போதிருக்கும் பி.சி.ஜி.எஸ். பேங்க்நோட் தனி. பழைய உறையில் குறையுள்ள நோட்டென்றால் முன்பக்கத்திலேயே ‘அப்பேரன்ட்’ என்று போட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள்.

இன்னொருவர், நோட்டைத் தொட்டுப் பார்க்க உறையை வெட்டலாமா என்றார். வெட்டலாம், நோட்டு உங்களுடையது. ஆனால் வெட்டிய கணத்திலிருந்து அது தரம் பிரிக்காத நோட்டு. என் ஒட்டுப்போட்ட நோட்டைத்தான் அப்படி வெட்டி எடுத்து, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். லேசாகத் தடித்திருந்தது.