ஒரே மாதிரி ரெண்டு சர்வர், ஒன்றில் மட்டும் இம்போர்ட் ஏன் இழுக்கிறது?

ரெண்டு லினக்ஸ் சர்வர், அதே சிபியு, அதே ரேம், அதே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பதிப்பு, அதே டம்ப் ஃபைல் (டேட்டாவை இன்சர்ட் கமாண்டுகளாக எழுதிவைத்த நகல்). ஒன்றில் 20 நிமிடத்தில் முடிகிற இம்போர்ட் இன்னொன்றில் 3 மணி நேரம் இழுக்கிறது என்றால், பாதிப் பேர் உடனே டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் பஃபர் பூலைப் பெரிதாக்கிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள், அதுவும் ரெண்டு சர்வரிலும். வேகமாக ஓடுகிற சர்வரை யாரும் சோதிப்பதில்லை, பல நேரம் கோளாறே அங்கேதான் இருக்கும் (கீழே வருகிறேன்).

இம்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் விஎம்ஸ்டாட் 1 என்று போட்டு (நொடிக்கொருமுறை சிபியு நிலவரம் வரும்) வலது ஓரத்து நெடுவரிசைகளைப் பாருங்கள். எஸ்டி என்பதில் எண் ஏறினால் அது விர்ச்சுவல் மெஷின், பக்கத்து மெஷின்கள் உங்கள் சிபியு நேரத்தைத் தின்கின்றன, ஹோஸ்ட்டைப் பார்ப்பவரிடம் பேசுங்கள். டபிள்யூஏ (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) வெறும் 6 காட்டுகிறதே, டிஸ்க்கில் பிரச்சினை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்: டம்ப் இம்போர்ட் ஒற்றைக் கனெக்‌ஷனில் போகிற வேலை, 16 கோர் உள்ள மெஷினில் 6 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒரு முழு கோர் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கிறது என்று அர்த்தம். யூஎஸ் (ப்ரோகிராம்கள் ஓடுகிற நேரம்) நெடுவரிசையில் அதே 6 தெரிந்தால் சிபியுதான் தடை. ஒரு சர்வரில் சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் பவர்சேவ் என்றும் மற்றதில் பெர்ஃபார்மன்ஸ் என்றும் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து டிஸ்க் நிலவரம் காட்டும் ஐஓஸ்டாட், எக்ஸ் ஆப்ஷனோடு. டிஸ்க் 100 சதவீதத்தை ஒட்டி பிஸி, ஆனால் எழுதுவது நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் என்றால் விஷயம் பெரும்பாலும் எஃப்சிங்க் (எழுதியதை நிஜமாகவே டிஸ்க்கில் சேர்க்கச் சொல்வது). மைஎஸ்க்யூஎல்லின் ஸ்டோரேஜ் இன்ஜினான இன்னோடிபி இயல்பாகவே ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை நிரந்தரமாக்குவதற்கும்) லாக்கை டிஸ்க்கில் எழுதி, எழுதியாயிற்று என்ற பதில் வரும்வரை நிற்கும். டம்ப்பில் ஒரு இன்சர்ட்டுக்கு ஒரு வரிசை, ஆட்டோகமிட்டும் ஆன் என்றால் ஒவ்வொரு வரிசையும் ஒரு கமிட். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறைதான் சுற்றும், ரைட் கேஷ் இல்லாவிட்டால் கமிட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். 10 லட்சம் வரிசையை 120ஆல் வகுத்துப் பாருங்கள், 2 மணி 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பின்லாக்கும் (ரெப்ளிகா சர்வர்களுக்காக மாற்றங்களைப் பதிகிற லாக்) ஓடினால் இன்னும் மோசம்.

இதை மைஎஸ்க்யூஎல் இல்லாமலே அளக்கலாம். டேட்டா டைரக்டரி இருக்கிற அதே ஃபைல் சிஸ்டத்தில் (டெம்ப் ஃபோல்டரில் வேண்டாம், அது ரேமிலேயே இருக்கலாம்) டிடி கமாண்டில் 4 கேபி பிளாக், 1000 முறை, ஓஃப்ளாக் டிசிங்க் போட்டு (ஒவ்வொரு பிளாக்கும் டிஸ்க்கில் சேரும்வரை நிற்கும்) ஓட்டுங்கள். கேஷ் இல்லாத ஹார்ட் டிஸ்க் என்றால் 8 நொடிக்கு மேல் ஆகும், பேட்டரி உள்ள ரெய்டு கன்ட்ரோலர் (பல டிஸ்க்குகளை ஒன்றாக நடத்தும் கார்டு) என்றால் ஒரு நொடிகூட ஆகாது.

இங்கே ரெண்டு சர்வருக்கும் வித்தியாசம் தெரிந்தால் காரணம் கிடைத்த மாதிரிதான். நான் முதலில் சந்தேகப்படுவது ரெய்டு பேட்டரியை. பேட்டரி செத்துப் போனாலோ, சோதனைச் சுழற்சியில் இருந்தாலோ, கன்ட்ரோலர் சத்தமில்லாமல் ரைட்-பேக்கிலிருந்து (கேஷில் வாங்கியதுமே முடிந்தது என்பது) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் சேர்ந்த பிறகுதான் முடிந்தது என்பது) மாறிவிடும், டேட்டாபேஸ் லாக்கில் ஒரு வரிகூட வராது. கன்ட்ரோலர் கம்பெனியின் டூலில்தான் தெரியும். சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் ப்ராக் கீழே எம்டிஸ்டாட் ஃபைலைப் பாருங்கள், ரீசிங்க் (டிஸ்க்குகளை மறுபடி ஒத்திசைப்பது) ஓடிக்கொண்டிருக்கலாம்.

சரி, வேகமான சர்வர். சாதாரண ஹார்ட் டிஸ்க், பேட்டரி எதுவும் இல்லை, ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எஃப்சிங்க் காட்டுகிறது என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள். ஃபைல் சிஸ்டத்தை பேரியர் (டிஸ்க் கேஷில் இருப்பதை எழுதி முடிக்கச் சொல்லும் காவல்) இல்லாமல் மவுண்ட் செய்திருப்பார்கள், இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் ஹைப்பர்வைசரில் டிஸ்க் கேஷ் அன்சேஃப் என்று கிடக்கும். கரண்ட் போனால் கமிட் ஆனதாகச் சொன்ன டேட்டா போயே போச்சு. அப்போது சரிசெய்ய வேண்டியது மெதுவான சர்வரை இல்லை.

டிஸ்க் ரெண்டும் ஒன்றுபோல இருந்தால்தான் கான்ஃபிக். ஃபைலை ஒப்பிடாதீர்கள், மைஎஸ்க்யூஎல்அட்மின் வேரியபிள்ஸ் அவுட்புட்டை ரெண்டிலும் எடுத்து டிஃப் போடுங்கள். முக்கியமாக இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட், சிங்க்_பின்லாக், லாக்_பின், பஃபர் பூல் (தொடாமல் விட்டால் வெறும் 128 எம்பி), ரீடூ லாக் அளவு. 8.0இலிருந்து பின்லாக் தானாகவே ஆன், அதனால் ஒன்றில் மட்டும் அதை அணைத்திருந்தாலே நேரம் வித்தியாசப்படும். ஃபைல் ஒன்றாக இருந்தும் மதிப்பு வேறாக வந்தால், யாரோ செட் பெர்சிஸ்ட் போட்டிருக்கலாம்; அது டேட்டா டைரக்டரியில் மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ என்ற தனி கான்ஃபிக் ஃபைலில் உட்கார்ந்துகொண்டு உங்கள் ஃபைலை மீறும்.

டம்ப்பை வேறு மெஷினிலிருந்து நெட்வொர்க் வழியாக ஊட்டினால் அந்த தூரமும் கணக்கில் சேரும். ஒரு இன்சர்ட்டுக்கு 1 மில்லிசெகண்ட் போய்வர ஆனால் 10 லட்சத்துக்கு 17 நிமிடம். ஃபைலை அந்த சர்வருக்கே நகலெடுத்து ஓட்டுங்கள்.

அவசரமாக முடிக்க வேண்டுமென்றால் டம்ப்பை எக்ஸ்டெண்டட் இன்சர்ட்டோடு (ஒரே இன்சர்ட்டில் பல வரிசை) மறுபடி எடுப்பதுதான் நல்ல வழி. அதற்கு வழியில்லையா, ஆட்டோகமிட்டை அணைத்து சில ஆயிரம் வரிசைக்கு ஒரு கமிட் வையுங்கள். ஃப்ளஷ் மதிப்பை 2க்கும் சிங்க்_பின்லாக்கை 0க்கும் இறக்கினாலும் பறக்கும், ஆனால் செட் குளோபலில் மட்டும் செய்யுங்கள், முடிந்ததும் ரெண்டையும் 1க்குத் திருப்புங்கள். செஷனில் பின்லாக்கை அணைத்தால் ரெப்ளிகாவுக்கு இந்த டேட்டா போகாது, அங்கேயும் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும்.