பி.ஏ. படித்த கொள்ளுத்தாத்தாவின் கல்லூரி நாள்களைத் தேடுவது எப்படி?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்திலேயே பி.ஏ. படித்தவர் என்ற பேச்சு தலைமுறைகளாக வழங்கி வருகிறது. அவர் எந்தக் கல்லூரியில் படித்தார், எங்கே தங்கினார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. விவரமறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைத் தேடத் தொடங்க வேண்டும்.

முதலில் எந்தப் பல்கலைக்கழகம் என்று தெளிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டு மலாயாவில் பல்கலைக்கழகமே கிடையாது; மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல்தான் தோன்றியது. சிறந்த மாணவர்களுக்கு அரசு வழங்கிய குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் என்ற உதவித்தொகையைப் பெற்று இங்கிலாந்து சென்றவர்கள் மிகச் சிலரே. பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்று, 1896இல் அதைப் பெற்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த வூ லியன் தே அவர்களுள் ஒருவர். ஆகவே தமிழகத்திலிருந்து வந்தவரென்றால் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தையும், யாழ்ப்பாணத்தவரென்றால் அதனுடன் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தையும் பார்க்க வேண்டும்.

தேடுவோர் பெரும்பாலும் வழிதவறுவது இதற்கு அடுத்த படியில்தான். அன்றைய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் முறையைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியதே தவிர, பாடம் சொல்லிக்கொடுத்தவை அதனோடு இணைந்த கல்லூரிகளே. எனவே மாணவ வாழ்க்கையைக் கல்லூரியின் பெயரைக்கொண்டே தேட வேண்டும். மாநிலக் கல்லூரியா, பச்சையப்பன் கல்லூரியா, வில்லியம் மில்லர் முதல்வராக இருந்த கிறித்தவக் கல்லூரியா, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பட்ட கும்பகோணம் அரசுக் கல்லூரியா என்பதைப் பொறுத்து அவருடைய உலகமே மாறிவிடும். கும்பகோணம் என்று தெரியவந்தால் அது பெரும் பேறு. 1880இல் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், அக்கல்லூரியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் வகுப்பு நடந்த விதத்தையும் தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார்.

வீட்டுப் பெட்டியில் சான்றிதழ் இருந்தால் அதைப் பொறுமையாகப் படியுங்கள். மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு), எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய இடைநிலைக் கல்லூரித் தேர்வு), பி.ஏ. என்ற மூன்று படிகளில் எது, எந்த ஆண்டு, முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என எந்தத் தரத்தில் தேறினார் என்ற மூன்றும் கிடைத்தால் போதும். அடுத்து, பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிட்ட காலண்டர் என்னும் தொகுப்பை எடுக்க வேண்டும். இதன் பழைய தொகுதிகள் சில இணையத்தில் ஸ்கேன் வடிவில் உள்ளன. பட்டதாரிகளின் பட்டியலோடு பாடநூல்களும் வினாத்தாள்களும் அதில் அச்சாகியிருக்கும். பட்டியலோடு நின்றுவிடாமல் அவர் தேர்வெழுதிய ஆண்டின் வினாத்தாளையும் படித்துப் பாருங்கள். அயல்மொழியான ஆங்கிலத்தில் அவர் எதற்கெல்லாம் விடையெழுத வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும். பெயரைத் தேடும்போது சுப்பிரமணியம் ஒருவரே நான்கைந்து ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் வரக்கூடும் என்பதால், முன்னெழுத்தையும் கல்லூரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பி.ஏ. பட்டியலில் பெயர் இல்லையென்றால் குடும்பத்தார் பொய் சொன்னார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். எஃப்.ஏ.யோடு நின்றவர்களும் பி.ஏ. எழுதித் தேறாதவர்களும் அன்று ஏராளம். அந்தப் படிப்பும் மதிப்புள்ளதாகவே கருதப்பட்டது. அவர்களையும் கல்லூரி மாணவர்களாகவே எழுதுவதுதான் நியாயம்.

வகுப்புக்கு வெளியே நடந்தவற்றுக்கு அக்காலப் பத்திரிகைகளை நாட வேண்டும். இலக்கியச் சங்கங்களில் மாணவர்கள் சொற்பொழிவாற்றினார்கள், வாதிட்டார்கள், அரசியலும் பேசினார்கள். 1878இல் 'தி இந்து' வார இதழைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் அறுவர் தொடங்கினர். அவர்களில் நால்வர் சட்ட மாணவர்கள் என்பது அன்றைய மாணவர்களின் துணிவுக்குச் சான்று.

பழைய கடிதத்தில் ஜார்ஜ் டவுன் என்றிருந்தால் பினாங்கு வாசகர்கள் சற்றே நிதானிக்க வேண்டும். சென்னையிலும் அப்பெயரில் ஒரு பகுதி உண்டு. ஆனால் 1906 வரை அது பிளாக் டவுன் என்றே வழங்கியது. ஆகவே 1890களின் கடிதமென்றால் அது பினாங்கின் ஜார்ஜ் டவுனாகவே இருக்கும்.

மலாயாவுக்கு வந்த பிறகான தடயங்களைக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்துச் சிலாங்கூர் மாநில அரசின் செயலகக் கோப்புகளில் வேலை விண்ணப்பம் அகப்பட்டால், தம் படிப்பைப் பற்றி அவரே எழுதிய வரிகளும் அதில் இருக்கக்கூடும். அங்கே செல்லுமுன் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அவர் பணியாற்றிய துறையையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.