ஆசிரியரின் அரசியல்: யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் நடக்கும் தவறுகள்

எங்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடமும் அதற்குள் வரும். அங்கே படிப்பிப்பவர்கள் அரசியல் பேசுவது புதிதல்ல. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். அந்த இயக்கத்தின் அழைப்பால்தான் 1931 தேர்தல் இங்கே பகிஷ்கரிக்கப்பட்டது. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் கற்பித்த ரஜனி திராணகம, மனித உரிமைகளுக்காகப் பேசி எழுதியவர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த வரலாறு இருந்தும் பலர் முதலில் செய்யும் தவறு, 'அரசாங்கச் சம்பளம் எடுக்கிறவருக்கு அரசியலே கூடாது' என்று நம்பி ஒதுங்குவது. கருத்துச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை எல்லாப் பிரசைகளுக்கும் தருகிறது. அரச ஊழியர்களை அரசியல் உரிமை உள்ளோர், இல்லாதோர் என்று, அரச ஊழியர்களுக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 32ஆம் அத்தியாயம் பிரிக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஓய்வறைக் கதையை நம்பாமல், கோவையையே எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்குத் தனித் தாபனக் கோவை உண்டு.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. 'இவை என் சொந்தக் கருத்துகள்' என்று முகநூலில் ஒரு வரி போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடியால் எழுந்த போராட்ட காலத்தின் சூடு ஆறுவதற்குள், அரச ஊழியர்கள் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்றுக் குற்றமாகலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அது நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு, தெரிந்து தொழிற்சங்கத்தோடு நின்று எதிர்ப்பது வேறு.

வகுப்பறைதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். நான் உயர்தரம் படித்தபோது, தேர்தலுக்கு முதல் வாரம் ஓர் ஆசிரியர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி, "உங்கட வீட்டில ஆருக்குப் போடுவினம்?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் என் பக்கத்தில் இருந்தவளின் அப்பா வேறு கட்சிக்கு வேலை செய்தவர். அவள் எழும்பிப் பொய் சொன்னாள். எங்கள் விடைத்தாள்களைத் திருத்துகிறவர் அவர்தானே! புள்ளி போடும் கையில் இருக்கும் அதிகாரத்தை ஆசிரியர் மறந்தாலும் பிள்ளை மறக்காது.

அதற்காகப் பாடத்தை விழுங்கிவிடக் கூடாது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் பற்றி ஒரு மாணவன் கேட்டால், "அதெல்லாம் பிறகு" என்று தட்டிக்கழிப்பதும் தவறுதான். 1987இல் அது எப்படி வந்தது, காணி, பொலிஸ் அதிகாரங்களில் என்ன இழுபறி, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று எல்லாப் பக்கத்தையும் சொல்லுங்கள். உங்கள் நிலைப்பாட்டைக் கேட்டால் சொல்லலாம். ஆனால் அதோடு ஒத்துப்போகாத விடைக்கும் முழுப்புள்ளி உண்டு என்பதை அடுத்த சோதனையில் காட்டுங்கள்.

அமைச்சரோ வேட்பாளரோ வருகிறார் என்று பிள்ளைகளை மாலையோடு வெயிலில் நிறுத்துவதையும் அரசியல் என்றே சொல்வேன். 'மேலிடத்து உத்தரவு' என்று அதிபர் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். நிரந்தர நியமனத்துக்குக் காத்திருக்கும் தொண்டர் ஆசிரியர் தனியே அப்படிக் கேட்க முடியாது, அவருக்காக மூத்தவர்கள் கேட்க வேண்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்தி அனுப்பவே வேண்டாம். அது நேரசூசிக்கும் வீட்டுவேலைக்கும் பெற்றோர் நம்பித் தந்த இலக்கம்.

தேர்தல் கடமைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தபால்மூல வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டுப் படம் எடுத்து முகநூலில் போடுவது தேர்தல் குற்றம், பொலிஸ் வரை போகும். வாக்குச்சாவடியில் அதிகாரியாக இருக்கப்போகிறவர் அதற்கு முதல் மேடையேறிப் பிரசாரம் செய்தால், அந்த மேசைக்கு வரும் மற்றக் கட்சிக்காரர் அவரை எப்படி நம்புவார்?

சரி, விளக்கம் கோரிக் கடிதம் வந்துவிட்டதா? முகநூலில் பதில் எழுதாதீர்கள். போட்ட பதிவை அவசரமாக அழிக்காமல் திரைப்பிடி எடுத்து வையுங்கள். கடிதத்தின் பிரதியோடு சங்கத்துக்குப் போங்கள். குறித்த திகதிக்குள் பதிலை எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கான ஒப்பத்தையும் திகதியையும் உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள்.